அர்க்காவதியில் போன செருப்பு

சித்தப்பா காலையில் கண் விழித்ததும் பார்ப்பது மேட்டூர் நிலவரம். முன்பெல்லாம் பேப்பரில், இப்போது போனில். எத்தனை அடி நிற்கிறது, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. அது தெரிந்த பிறகுதான் காபி. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில், வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் நாலு ஏக்கர் வைத்திருக்கிறார். மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பதைப் போல இவருக்கு அது.

2025 பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்காகப் பெங்களூர் வந்தவர், கெங்கேரியில் எங்கள் வீட்டில் நாலு நாள் தங்கினார். வந்த அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் காற்று வாங்க நின்றவர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன பாப்பா, எங்கயோ சாக்கடை உடைஞ்சிருக்கு போல?"

"உடையல சித்தப்பா. அது விருஷபாவதி. ஆறு."

"ஆறா?"

ஆறுதான். பசவனகுடியில் பெரிய கல் நந்தி இருக்கிறதே, அதன் காலடியில் பிறப்பதாக ஐதீகம். அதனால்தான் அந்தப் பேர். இன்றைக்கு நகரத்தின் மேற்குப் பக்கத்துக் கழிவெல்லாம் அதில்தான் சேர்கிறது. மைசூர் ரோட்டை ஒட்டியே கருப்பாக ஓடி, எங்கள் கெங்கேரியைத் தாண்டி, பிடதி பக்கம் பைரமங்கலா ஏரியில் போய் விழுகிறது. 1940களில் பாசனத்துக்காகக் கட்டிய ஏரி. இப்போது அதன் மதகில் நுரை பொங்குகிறது. அதற்கு அப்புறம் எங்கே போகிறது என்று சித்தப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

லால்பாக், விதான சௌதா, மெட்ரோ என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அவர் வேறு ஒன்று கேட்டார்.

"மேகதாது அணை, மேகதாது அணைன்னு தினம் பேப்பர்ல போடுறானே, அந்த இடம் இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"நூறு கிலோமீட்டர் வராது. ஆனா கடைசி நாலு கிலோமீட்டர் நடக்கணும் சித்தப்பா."

"நான் நடக்காத நடையா?"

வயது 68. நான்தான் கொஞ்சம் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடை எனக்குப் பத்து வருடப் பழக்கம். ஒரு கார்மெண்ட் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். வாரத்தில் ஆறு நாள் நாற்காலியிலேயே போய்விடும். ஏழாவது நாள் பஸ் ஏறி நகரத்துக்குத் தெற்கே எங்காவது இறங்கி நடப்பேன். பெங்களூரைத் தட்டையான ஊர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குள் இருக்கும்வரை அப்படித்தான் தெரியும். கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கிற இந்த மேட்டுநிலம், ஆனேக்கல், கனகபுரம் பக்கம் போனதும் உடைந்து காவிரியை நோக்கி இறங்க ஆரம்பிக்கிறது. இறங்குகிற அவசரத்தில் சின்ன ஓடைகூடத் தனக்கென்று ஒரு பள்ளத்தாக்கை வெட்டி வைத்திருக்கும்.

ஆனேக்கல் பக்கத்து முத்யால மடுவு அப்படி ஒன்று. மழைக்காலம் முடிந்த கையோடு போனால், பாறையில் விழுகிற தண்ணீர் நிஜமாகவே முத்து முத்தாகத் தெறிக்கும். மார்ச்சில் போனால் பாறையும் காலி பாட்டிலும்தான். அந்த 'மடு' நம் மடுதான். இந்தப் பக்கம் நடந்தால் இப்படிப் பழக்கமான சொற்கள் காலில் இடறிக்கொண்டே இருக்கும். உடனே எது எதிலிருந்து வந்தது என்று ஆரம்பித்துவிடாதீர்கள். ஆபீசில் ஒருமுறை ஆரம்பித்துவிட்டு நான் பட்டது போதும். தமிழும் கன்னடமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், அவ்வளவுதான். மேகதாதுவும் அப்படித்தான். நாம் எழுதுகிற விதத்தில் ஏதோ மேகம் சம்பந்தப்பட்ட இடம் போலத் தோன்றுகிறது. கன்னடத்தில் அது மேகெதாட்டு. மேகெ என்றால் ஆடு, தாட்டு என்றால் தாண்டு. பழைய தமிழர்கள் இதையே 'ஆடுதாண்டும் காவிரி' என்று அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேரை விட்டுவிட்டு மேகத்தைப் பிடித்துக்கொண்டோம்.

காலை ஆறு மணிக்கே கிளம்பி பனசங்கரியில் கனகபுரம் பஸ் பிடித்தோம். சித்தப்பா ஜன்னலோரம். ஊர் எல்லை தாண்டி தாதகுனி வந்ததும், "இங்க ஒரு பம்ப் ஸ்டேஷன் இருக்கு சித்தப்பா. காவிரித் தண்ணி இது வழியாத்தான் ஊருக்குள்ள வருது" என்றேன். அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் சமாச்சாரம் என்றால் தூக்கம் போய்விடும்.

1974இல் காவிரி முதல்முறையாகக் குழாய் வழியாகப் பெங்களூருக்கு வந்தது. சிவனசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எடுத்து, தொரேகாடனஹள்ளியில் சுத்தம் செய்து, அங்கே ஒருமுறை, ஹாரோஹள்ளியில் ஒருமுறை, தாதகுனியில் ஒருமுறை என்று மூன்று தடவை பம்ப் போட்டுத் தூக்குகிறார்கள். சுமார் 100 கிலோமீட்டர் தூரம், சுமார் 500 மீட்டர் உயரம். நாளைக்கு 145 கோடி லிட்டர் வந்துகொண்டிருந்தது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கி, இன்னும் 77.5 கோடி லிட்டருக்கு வழி செய்திருக்கிறார்கள். ஹாரோஹள்ளி கடந்தபோது சித்தப்பா வெளியே எட்டிப் பார்த்தார். பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. வேலி, கட்டடம், மின்கம்பங்கள்.

"கரண்டு பில்லு எவ்வளவு வரும்?" என்றார்.

சொந்தமாக மோட்டார் வைத்திருக்கிற விவசாயிக்கு வேறென்ன தோன்றும்?

கனகபுரம் அர்க்காவதிக் கரையில் இருக்கிற ஊர். பழைய பேர் கன்கானஹள்ளி. சுற்றிலும் மல்பெரித் தோட்டம், பட்டுக்கூடு வியாபாரம், கிரானைட். ராமநகரத்திலிருந்து இந்தப் பக்கமெல்லாம் தெரிகிற உருண்டைப் பாறைக் குன்றுகளுக்கு வயது சுமார் 250 கோடி வருடம். கையேந்தி பவன் மாதிரி ஒரு கடையில் இட்லி தின்றோம். சட்னி நன்றாக இருந்தது, சாம்பாரில் வெல்லம். சித்தப்பா சாம்பாரைத் தள்ளி வைத்துவிட்டார். அதற்கு மேல் ஊரைப் பற்றிச் சொல்ல அன்றைக்கு நேரமில்லை. சங்கமம் போகிற பஸ் ஒன்றிரண்டுதான், விட்டால் போச்சு. வழியில் சுஞ்சி அருவிக்குப் பிரிகிற பாதை வரும். அதே அர்க்காவதி பாறைமேல் விழுகிற இடம். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். தனியாகப் போக வேண்டாம், பாறை வழுக்கும், உதவிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

சங்கமத்தில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால், இடப்பக்கமிருந்து அர்க்காவதி வந்து காவிரியோடு சேர்கிறது. மேகதாதுவுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் அர்க்காவதியைத் தாண்ட வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஜனவரிக்கு மேல் தண்ணீர் இறங்கிவிடும், முழங்கால் அளவில் நடந்தே தாண்டலாம். வேண்டாம் என்றால் பரிசல் இருக்கிறது.

நான் ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பையில் வைத்திருந்த நீலவார் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டேன். ஆற்றில் வெறுங்காலோடு இறங்கக்கூடாது என்பது என் கொள்கை. உடைந்த பாட்டிலுக்குக் கண் கிடையாது. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிவிட்டார். பாசி படிந்த கல்மேல் அவர் கால் வைக்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். குதிகாலை வைக்காமல், விரல்களால் கல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. வரப்பில் நடந்த கால்.

பாதி ஆற்றில் நின்றார். குனிந்து இரண்டு கையிலும் தண்ணீர் அள்ளினார். கண்ணை மூடினார். தலையில் தெளித்துக்கொள்ளப் போகிறார் என்பது புரிந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சித்தப்பா, வேணாம்."

"ஏன்?"

"இது காவிரி இல்ல. அர்க்காவதி."

"அங்க போய்த்தான சேருது?"

"சேருது. ஆனா..." நான் என்ன சொல்வேன்? சொல்லித்தான் ஆக வேண்டும். "நம்ம வீட்டு மாடியில நாத்தம் அடிச்சுதுல்ல, அந்த விருஷபாவதி, பைரமங்கலா ஏரியைத் தாண்டி இந்த அர்க்காவதியிலதான் கலக்குது. கனகபுரத்துக்கு மேலயே கலந்துடுது. இடையில ஹாரோபெலேல ஒரு அணை இருக்கு, அதுல கொஞ்சம் தெளிஞ்சு வருது. ஆனாலும் இது எங்க வீட்டுப் பாத்திரம் கழுவுன தண்ணி."

அவர் கையிலிருந்த தண்ணீரை முகர்ந்து பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். வாடை ஒன்றும் இல்லை. லேசான பச்சை, அடியில் கூழாங்கல் தெரிந்தது. விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"உங்க அப்பன் எப்ப இந்த ஊருக்கு வந்தான்?"

"68ல."

"மில்லுக்குப் பக்கத்துலதான வீடு. அது எந்த ஆத்துல போகும்?"

"இதே விருஷபாவதிதான்."

"அப்ப அவன் குளிச்ச தண்ணி அம்பது வருசமா நம்ம வயலுக்குத்தான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, கையில் மிச்சமிருந்ததைத் தலையில் தெளித்துக்கொண்டார்.

அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். ஊரிலிருந்த நிலத்தில் தன் பங்கைக் கடைசிவரை கேட்கவில்லை. வருடத்துக்கு ஒரு மூட்டை அரிசி மட்டும் ஊரிலிருந்து லாரியில் வரும். அப்பா போய் ஆறு வருடமாகிறது. சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு அடுத்த கல்லில் கால் வைத்தேன். கல் உருண்டது. விழவில்லை, உட்கார்ந்துவிட்டேன், இடுப்புவரை தண்ணீர். எழுந்தபோது இடது காலில் செருப்பு இல்லை. பத்தடி தள்ளி, நீலவார் தெரிய, அது நிதானமாகக் காவிரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பரிசல்காரர் ஒருவர் துடுப்பை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை.

"மேட்டூர் ஹோகுத்தே" என்று சிரித்தார். மேட்டூருக்குப் போகும்.

அக்கரையில் ஷூ மாட்டிக்கொண்டு நடந்தோம். அங்கிருந்து ஒரு பழைய பஸ், தகரமெல்லாம் ஆட, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வரும். அதில் ஏறாமல் நடப்பதுதான் சரி என்பது என் கட்சி. காவிரி கூடவே வரும். இரண்டு கரையிலும் 1987இல் அறிவித்த காவிரி வனவிலங்கு சரணாலயம். மேட்டில் முள்ளும் மூங்கிலும் காய்ந்த காடு, ஆற்றோரம் மட்டும் கரும்பச்சை. அந்தக் கரும்பச்சைக்குக் காரணம் நீர்மருது. வெள்ளை மினுமினுப்பான அடிமரம், நாலு பேர் கைகோர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. பாதி வேர் தண்ணீருக்குள். சித்தப்பா ஒரு மரத்தடியில் நின்று பட்டையைத் தட்டிப் பார்த்தார். "மருத நிலம் மருத நிலம்னு நம்மளச் சொல்றான். எங்க ஊர்ல ஒரு மருதமரம் காட்டு பாப்பா பாக்கலாம்" என்றார். இந்த மரங்களில்தான் சாம்பல் நிறப் பெரிய அணில் கூடு கட்டுகிறது. அன்றைக்கு அணில் எதுவும் கண்ணில் படவில்லை. பாதை நடுவில் யானைச் சாணி கிடந்தது. காய்ந்த சாணிதான் என்று காலால் புரட்டிப் பார்த்துச் சித்தப்பா தீர்ப்புச் சொன்னார். இருந்தாலும் அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொஞ்சம் சத்தமாகவே பேசிக்கொண்டு நடந்தோம்.

பேச்சு எங்கே போகும்? டி.எம்.சி.க்குத்தான், அதாவது நூறு கோடி கன அடிக் கணக்குக்கு.

அவருக்கு எண்கள் பேரப்பிள்ளைகள் பெயர் மாதிரி. கர்நாடகம் வருடத்துக்குத் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய தண்ணீர், காவிரி நடுவர் மன்றத்தின் 1991 இடைக்காலத் தீர்ப்பில் 205. 2007 இறுதித் தீர்ப்பில், எல்லையில் அளக்கிற பில்லிகுண்டுலுவில் 192. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது 177.25. குறைந்த 14.75இல் 4.75 பெங்களூர்க் குடிநீருக்கு. "அந்த நாலே முக்கால் உனக்குத்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னார்.

என் கணக்குப் புத்திக்கு இந்த வழக்கில் பிடித்த இடங்கள் இரண்டு. பெங்களூர் ஒரு மேட்டு முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே விழுகிற மழை அர்க்காவதி வழியாகக் காவிரிக்கு. கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்கு, அதாவது ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும். நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது, அந்தப் பங்குக்குத்தான் தண்ணீர் என்று நடுவர் மன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல்தான் அந்த 4.75ஐக் கொடுத்தது. இரண்டாவது இடம் இன்னும் சுவாரசியம். வீட்டுக்குப் போகிற தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குதான் செலவாகிறது, மிச்சம் எப்படியும் ஆற்றுக்கே திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பேரேட்டில் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். பற்று, வரவு, இருப்பு. ஆனால் கனகபுரம் ரோட்டில் மூன்று பம்ப் ஏறி வந்த தண்ணீர், மைசூர் ரோட்டில் கருப்பாக இறங்குகிறது. திரும்பி வருவதன் நிறத்தை எழுத அந்தப் பேரேட்டில் பத்தி இல்லை. இதைக் கேட்டுவிட்டுச் சித்தப்பா கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "கடன் வாங்குன நெல்லைப் பதராத் திருப்பிக் குடுத்தாலும் மூட்டைக் கணக்கு சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மேகதாது திடீரென்று வரும். அதுவரை நூறு மீட்டருக்கு மேல் அகலமாக, பாறைக்குப் பாறை பிரிந்து, சோம்பேறியாக வருகிற காவிரியை இரண்டு பக்கமும் கரும்பாறை நெருக்குகிறது. பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளியில் முழு ஆறும் நுழைந்து போகிறது. புலி துரத்திய ஆடு ஒன்று இங்கே தாண்டித் தப்பித்ததாம். ஆட்டுக்குத் தைரியம் வந்தது எனக்கு ஆச்சரியமில்லை, பின்னால் புலி. தாண்டத் தோன்றுகிற தூரம்தான் அது. எதிர்ப்பாறை கைக்கெட்டுவது போல நிற்கிறது. ஆபத்தும் அதில்தான்.

சித்தப்பா இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? நம்ம வெண்ணாறே இதைவிட அகலம்."

நானும் முதல்முறை வந்தபோது அப்படித்தான் நினைத்தேன். இத்தனை மறியல், இத்தனை தலைப்புச் செய்திக்கு இந்தச் சந்துதானா?

ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார். வாய்க்காலில் தண்ணீர் வேகம் பார்க்க அவர்கள் செய்வது. குறிப்பிட்ட தூரத்தை இலை கடக்க எத்தனை எண்ணுகிறோம், அகலம் எத்தனை அடி, ஆழம் எத்தனை அடி என்று மனக்கணக்காகவே கன அடி சொல்லிவிடுவார். இலை விழுந்தது, அரை வட்டம் அடித்தது, உள்ளே போனது. வெளியே வரவே இல்லை. இன்னொன்று போட்டார். அதுவும் போனது.

"இங்க அளக்க முடியாது பாப்பா" என்று பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "தண்ணி ஓடல, குடையுது."

குடைகிறது என்பது சரியான வார்த்தை. பாறை முழுக்க உரல் உரலாகக் குழிகள். சிலது கை நுழைகிற அளவு, சிலது ஆள் இறங்கி நிற்கிற அளவு. வெள்ளம் வரும்போது பாறைப் பள்ளத்தில் மாட்டிக்கொண்ட கூழாங்கல், சுழலோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி அரைக்கிறது. கல்லும் தேய்கிறது, பாறையும் தேய்கிறது. கல் தேய்ந்து மணலானதும் அடுத்த வெள்ளம் அடுத்த கல்லைக் கொண்டுவந்து போடும். சித்தப்பா ஒரு குழிக்கருகில் குப்புறப் படுத்து முழங்கைவரை விட்டுத் துழாவினார். மேலே வெதுவெதுப்பான மழைத் தண்ணீர், அதில் தலைப்பிரட்டைகள். அடியிலிருந்து மூன்று கல் எடுத்து வரிசையாக வைத்தார். ஒன்று எலுமிச்சை அளவு, ஒன்று கோழிமுட்டை, மூன்றாவது சித்தியின் குழவிக்கல்லின் தலை மாதிரி. மூன்றும் கண்ணாடி போல வழவழப்பு. குழியின் உட்சுவரைத் தடவிப் பார்த்தேன், அதுவும் அப்படியே. நம் வீட்டு உரலின் உள்பக்கம் நாலு தலைமுறையில் அந்த வழவழப்புக்கு வரும்.

"எடுத்துக்கிட்டுப் போலாமா?" என்று கேட்டார். சரணாலயத்திலிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்றேன். ஒவ்வொன்றாகத் திரும்ப அதே குழியில் போட்டார். டொப், டொப், டொப்.

இங்கே வருகிறவர்கள் ஒன்றை மறக்காமல் இருந்தால் போதும். மேலே தெரிகிற குழிகளைப் போலத்தான் தண்ணீருக்கு அடியிலும் இருக்கும், அடியில் என்ன சுழல் என்று மேலே நின்று சொல்ல முடியாது. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் ஆபத்துதான். எச்சரிக்கைப் பலகைக்கு முன்னாலேயே நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் நாலு பேரைச் சித்தப்பா தமிழிலேயே அதட்டினார். அவர்களும் "சரி தாத்தா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ஓசூர்ப் பையன்களாம்.

இங்கே கட்டப்போவதாகச் சொல்லும் அணை 67 டி.எம்.சி. ஐயாயிரம் ஹெக்டேர் அளவுக்கு முழுகும் என்கிறார்கள், பெரும்பகுதி இந்தச் சரணாலயக் காடு. கட்டலாமா கூடாதா என்று என்னைக் கேட்டால் நான் நேரடியாகப் பதில் சொல்லமாட்டேன். காவிரிக் கலவரம் நடந்த 1991 டிசம்பரில் அப்பா வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். நாங்கள் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாவின் சமையலறையில் இரண்டு ராத்திரி தூங்கினோம். அவர்தான் எங்களுக்கு ராகி முத்தே ஊட்டினார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்புறம் 2016 செப்டம்பரிலும் பஸ்கள் எரிந்தன. காவிரி என்று சத்தமாகச் சொல்லக்கூடாது என்றுதான் வளர்ந்திருக்கிறேன். அந்தப் பாறைமேல் சித்தப்பா "காவேரி, காவேரி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என்னையறியாமல் சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பக்க நியாயமும் தெரிந்தவளுக்கு மரங்களைப் பற்றி மட்டும் சொல்லத் தைரியம் இருக்கிறது. அந்த மருதமரங்கள் முழுகக்கூடாது.

திரும்பி வரும்போது அர்க்காவதியைப் பரிசலில் தாண்டினோம். மூங்கில் தப்பைப் பின்னல், அடியில் பழைய உரச் சாக்கு, அதன்மேல் தார். முன்பு எருமைத் தோல் போர்த்துவார்கள். சாக்கில் யூரியா எழுத்து பாதி தெரிந்ததைச் சித்தப்பா விரலால் காட்டினார். பரிசல்காரர் எங்கள் இருவரிடமும் கொஞ்சம் கூடத்தான் வாங்கினார். ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. கரையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் தண்ணீர் மீன் என்று நான் கேட்கவில்லை, சித்தப்பாவும் கேட்கவில்லை. மசாலா தூக்கலாக இருந்தது.

அதிலிருந்து மூன்றாம் நாள் அவர் ஊருக்குப் போய்விட்டார்.

அந்த வருடம் மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதியே திறந்தார்கள். கடைமடைக்கு வந்து சேர எப்போதும் நாளாகும். ஒரு நாள் காலையில் ஆபீஸ் பஸ்ஸில் இருந்தபோது சித்தப்பாவின் போன். பின்னால் தண்ணீர் சத்தம்.

"பாப்பா, தண்ணி வந்துடுச்சு. மடையிலதான் நிக்கிறேன்."

"சந்தோஷம் சித்தப்பா."

"எல்லாம் வந்துச்சு. உன் செருப்பு மட்டும் வரல. மேட்டூர் மதகுல சிக்கிக்கிச்சு போல."

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

"இன்னொண்ணு இருக்கா, தூக்கிப் போட்டுட்டியா?"

"மாடிப்படிக்குக் கீழ கிடக்கு."

"அதையும் ஆத்துல விட்டுடு. ஒண்ணு மட்டும் வந்தா நான் என்ன பண்றது?"